எழுதுவது வேறு, பதிவிடுவது வேறு: இளையோரும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

திருச்சிக்கு அருகே ஒரு கிளை நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எழுத ஆசைப்படும் பிள்ளைகள் கூடுகிறார்கள். பத்தாம் வகுப்பிலிருந்து கல்லூரி இறுதியாண்டு வரை எல்லா வயதும் உண்டு. ஏழு ஆண்டுகளாக அவர்களோடு உட்கார்ந்திருக்கிறேன். இன்ஸ்டாகிராமில் நான்கு வரி எழுதுகிறவர்கள், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் மட்டும் எழுதுகிறவர்கள், பிரதிலிபி என்ற கதைத் தளத்தில் நூறு அத்தியாயம் தாண்டித் தொடர்கதை எழுதுகிறவர்கள், யாரிடமும் காட்டாமல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதுகிறவர்கள் என எல்லோரும் வருகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மனத்தில் இருப்பதை அப்படியே கொட்டுகிறேன். இது கவிதையா, வெறும் புலம்பலா?

முதலில் கொட்டிவிடுங்கள். அந்த நேரத்தில் இந்தக் கேள்வியே வேண்டாம். புலம்பல் ஒன்றும் கேவலமான சொல் அல்ல. ஊரில் ஒப்பாரி பாடத் தெரிந்த ஒரு பாட்டியின் அருகில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். அழுகைக்குள்ளும் ஒரு கட்டு இருக்கும். போனவருடைய வெற்றிலைப்பெட்டி வரும், அவர் கட்டிய கிணறு வரும், கடைசியாக வாங்கித் தந்த சேலை வரும். "துக்கமாக இருக்கிறது" என்று அந்தப் பாட்டி ஒருபோதும் பாட மாட்டார்.

கொட்டி முடித்த மறுநாள் செய்ய வேண்டிய வேலை அதுதான். உணர்ச்சியின் பெயரை எடுத்துவிட்டு, அது வந்தபோது எதிரில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். எங்கள் கூட்டத்துக்கு வந்த ஒரு மாணவி "தனிமை என்னைக் கொல்கிறது" என்று எழுதியிருந்தாள். எப்போது என்று கேட்டேன். யோசித்துவிட்டு, விடுதியில் ஞாயிறு மாலை எல்லோருக்கும் வீட்டிலிருந்து போன் வரும் என்றாள். நீ என்ன செய்துகொண்டிருப்பாய் என்று கேட்டேன். "துணி மடித்துக்கொண்டிருப்பேன். மடித்ததையே பிரித்து மறுபடியும் மடிப்பேன்." அவள் பேச்சுவாக்கில் சொன்ன அந்த வரிதான் கவிதை. அவளுக்கே அது தெரிந்து, முகம் மாறியதைப் பார்த்தேன்.

இது புதிய உத்தி அல்ல. குறுந்தொகையின் 41-ஆம் பாட்டில் காதலன் பிரிந்துபோன பெண் தன் வெறுமையைச் சொல்கிறாள். பாலை நிலத்துச் சிறுகுடியில் மக்கள் விட்டுப்போன வீடு, அதன் முற்றத்தில் அணில் விளையாடுகிறது, அந்த வீட்டைப்போல் இருக்கிறேன் என்கிறாள். ஆள் நடமாட்டம் இருந்தால் அணில் அங்கே இறங்கி விளையாடாது. மொத்த வெறுமையும் அந்த ஓர் அணிலில் இருக்கிறது.

சோகம், கோபம் தவிர வேறு சொல்லே வரவில்லை. என்ன செய்வது?

"மனசு சரியில்லை" என்ற ஒரு தொடருக்குள் நாம் எத்தனையோ அடைத்துவைக்கிறோம். தொல்காப்பியம் மெய்ப்பாடுகள், அதாவது உடலில் வெளிப்படும் உணர்வுகள், எட்டு என்று சொல்கிறது: நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை. அதோடு நிற்கவில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு வழியாகப் பிரிக்கிறது. அழுகை பிறக்கும் இடங்கள் இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறர் இழிவாக நடத்தியதால் வரும் அழுகை ஒன்று. இழந்ததால் வருவது ஒன்று. முன்பிருந்த நிலையிலிருந்து சரிந்ததால் வருவது ஒன்று. இல்லாமையால் வருவது இன்னொன்று.

இந்த நான்கையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, "நீங்கள் கடைசியாக அழுதது எந்த அழுகை?" என்று கேட்பேன். அறை அமைதியாகிவிடும். பள்ளியில் முதல் மாணவனாக இருந்து கல்லூரியில் பின்வரிசைக்குப் போன பையன் "என்னுடையது அசைவு" என்று எழுதினான். ஒரு வருடமாக அவன் அதைச் சோகம் என்றே நினைத்திருந்தான்.

உணர்வுக்குச் சரியான பெயர் வைப்பது மனத்துக்கும் நல்லது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், படங்களில் உள்ள முகங்களின் உணர்ச்சிக்குச் சொல்லால் பெயர் சூட்டியபோது, அச்சத்தோடும் பதற்றத்தோடும் தொடர்புடைய மூளைப்பகுதியின் செயல்பாடு தணிந்ததைக் கண்டார்கள்.

எழுதினால் உண்மையிலேயே மனம் லேசாகுமா?

உடனே ஆகாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 1986-இல் வெளிவந்தது. தொடர்ந்து 4 நாள்கள், நாளுக்கு 15 நிமிடம். ஒரு பகுதியினர் தங்களை மிகவும் பாதித்த அனுபவத்தை எழுத வேண்டும், மற்றவர்கள் சாதாரண விஷயங்களை எழுத வேண்டும். வலியை எழுதியவர்களுக்கு எழுதிமுடித்த அந்த நேரத்தில் மனம் இன்னும் கனத்தது. ஆனால் அடுத்து வந்த மாதங்களில், நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்கள் கல்லூரி மருத்துவமனைக்குப் போனது குறைந்தது. பின்னால் நடந்த பல ஆய்வுகளில் பலன் சிறிய அளவிலேயே தெரிந்தது. எழுத்தை மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் செலவில்லாத, பக்கத்திலேயே இருக்கிற துணை.

அந்த ஆய்வில் நான் எப்போதும் சுட்டிக்காட்டுவது ஒன்று உண்டு. அந்தத் தாள்களைச் சக மாணவர்கள் யாரும் படிக்கவில்லை. விருப்பக்குறி இல்லை, "என்ன ஆச்சு?" என்று கேட்கும் பின்னூட்டம் இல்லை. மனத்தை ஆற்றுவது எழுதும் செயல். பதிவிடுவது அதற்குப் பிறகு தனியாக எடுக்க வேண்டிய முடிவு. கைபேசி இந்த இரண்டையும் ஒரே பொத்தானாக ஆக்கிவிட்டது, பிள்ளைகளின் பெரும்பாலான துன்பம் அங்கேதான் தொடங்குகிறது என்பது என் அனுபவம்.

இரவு இரண்டு மணிக்குப் பதிவிட்டுவிட்டுக் காலையில் வெட்கப்பட்டு அழிக்கிறேன். எனக்கு மட்டும்தான் இப்படியா?

இல்லை. ஊர் தூங்கும்போது விழித்திருக்கிறவருக்கு வரும் ஆவேசம் மிகப் பழையது. குறுந்தொகை 28-இல் ஔவையார் அதைப் பாடியிருக்கிறார். காற்று அசைந்து அலைக்கழிக்கிற வேளையில், தன் நோய் தெரியாமல் உறங்கும் ஊரைப் பார்த்து ஒருத்தி கேட்கிறாள்: முட்டுவேனா, தாக்குவேனா, ஏதாவது ஒரு சாக்கில் "ஆ, ஒல்" என்று கூவுவேனா? அந்தக் கூவல் இன்று ஸ்டேட்டஸாக வெளியே போகிறது.

அதை எழுதுவதைத் தடுக்காதீர்கள். இரவில் எழுதியதைக் கைபேசியின் குறிப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு, காலையில் பல் துலக்கிய பிறகு படியுங்கள். அப்போதும் உங்களுடையதாகத் தோன்றினால் வெளியிடுங்கள். எங்கள் கூட்டத்தில் இதற்கு "ஊறவைப்பது" என்று பெயர். "அண்ணே, ஒன்று எழுதினேன், ஊறிக்கொண்டிருக்கிறது" என்று ஒருவன் சொல்லும்போது எனக்கு நிம்மதியாக இருக்கும்.

சொந்தப் பெயரில் எழுத வேண்டுமா, புனைபெயர் போதுமா?

புனைபெயர் கோழைத்தனம் என்று சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. மேலே சொன்ன அணில் பாட்டை எழுதியவரின் இயற்பெயர் நமக்குக் கிடைக்கவில்லை. பாட்டில் வந்த தொடராலேயே அவரை "அணிலாடு முன்றிலார்" என்று குறித்தார்கள். செம்புலப்பெயல்நீரார், மீனெறி தூண்டிலார், கல்பொரு சிறுநுரையார், ஓரேருழவனார் ஆகியோரும் அப்படித்தான் அறியப்படுகிறார்கள். பெயர் போனது, வரி நின்றது.

வீட்டில் எழுதவே அனுமதி இல்லாத பெண்பிள்ளைகளுக்கும், சாதி பற்றியும் உடல் பற்றியும் எழுதுகிறவர்களுக்கும் புனைபெயர் ஒரு கூரை. அதன்கீழ் எழுதட்டும். ஒரு நிபந்தனை மட்டும் வைக்கிறேன்: பிறரைத் தாக்க அந்தக் கூரையைப் பயன்படுத்தக் கூடாது. நடைமுறையில் இன்னொன்று: புனைபெயர்க் கணக்குக்குப் பள்ளிச் சீருடைப் படமோ, தெருப் பெயரோ, நீங்கள் தினமும் ஏறும் பஸ்ஸின் எண்ணோ வெளியில் தெரிய வேண்டாம்.

காதல் முறிந்துவிட்டது. அவரைப் பற்றி எழுதலாமா?

எழுதலாம், பெயர் இல்லாமல். அகப்பாடல்களுக்குத் தொல்காப்பியம் ஒரு விதி வகுத்திருக்கிறது: அன்பின் ஐந்திணையைப் பாடும்போது, தலைவனையோ தலைவியையோ இன்னார் என்று பெயர் சுட்டக் கூடாது. சங்க அகப்பாடல்களில் தலைவனும் தலைவியும் பெயரில்லாமல்தான் வருகிறார்கள். அதனால்தான் யார் படித்தாலும் தங்கள் கதையாகத் தெரிகிறது. கவிதைக்கான அந்த விதி இன்றைக்குப் பாதுகாப்புக்கான விதியாகவும் ஆகியிருக்கிறது. பெயர், படம், உரையாடலின் ஸ்கிரீன்ஷாட், கல்லூரி, ஊர் எதுவும் வேண்டாம். "தெரிந்தவர்களுக்குத் தெரியும்" என்று சாடையாக எழுதுவதும் பெயர் சொல்வதுதான்.

உங்களைப் பற்றி அப்படி யாராவது எழுதியிருந்தாலோ, படத்தை வெளியிடுவேன் என்று மிரட்டினாலோ, அழிப்பதற்கு முன் எல்லாவற்றையும் தேதியோடு படம் பிடித்து வையுங்கள். நம்பும் பெரியவர் ஒருவரிடம் சொல்லுங்கள். இந்திய அரசின் சைபர் குற்றப் புகார்த் தளத்தில் பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களைப் பெயர் தெரிவிக்காமலும் பதியலாம். தவறு உங்களுடையது அல்ல. இதைப் பலமுறை பல பேரிடம் சொல்லியிருக்கிறேன், இன்னும் சொல்வேன்.

ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுவது தவறா?

நண்பனிடம் பேச எதிலும் தட்டுங்கள். உங்களுக்கு முக்கியமான ஒன்றை எழுதும்போது தமிழ் எழுத்துக்கு வாருங்கள். வலி, வழி, வளி மூன்றையும் ஆங்கில எழுத்தில் பலர் ஒரே மாதிரி தட்டிவிடுகிறார்கள். வேதனை, பாதை, காற்று மூன்றும் ஒன்றாகக் கலந்துபோனால் கவிதை எங்கே நிற்கும்? தேடலிலும் அது கிடைக்காது, திரையை வாசித்துக் காட்டும் மென்பொருளைச் சார்ந்திருக்கும் பார்வையற்ற நண்பருக்கும் சரியாகக் கேட்காது.

கடினம் என்ற காரணம் பழையதாகிவிட்டது. தமிழ்99 விசைப்பலகை 1999 முதல் இருக்கிறது. கைபேசியில் தமிழில் தட்டும் செல்லினம் 2005-இல் சிங்கப்பூரில் அறிமுகமானது. இன்றைய கைபேசிகளில் தனியாக எதையும் நிறுவாமலேயே தமிழ் விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ்99-இல் மெய்யையும் உயிரையும் அடுத்தடுத்துத் தட்டினால் உயிர்மெய் வந்துவிடும். இரண்டு வாரம் பொறுத்தால் விரல் பழகிவிடும்.

பேச்சுத்தமிழில் எழுதலாமா என்றும் கேட்கிறார்கள். உங்கள் ஊர்ப் பேச்சு உங்கள் சொத்து, தாராளமாக எழுதுங்கள். நான் சொன்னது எழுத்தைப் பற்றி.

விருப்பக்குறி வராவிட்டால் எழுதவே பிடிக்கவில்லை.

புரிகிறது, வலிக்கும். நான்கு வரிக்காக நான்கு நாள் உழைத்தது யாருக்கும் தெரியாமல் போவது உண்மையான ஏமாற்றம்தான். ஆனால் எந்தப் பதிவை யாருக்குக் காட்டுவது என்று முடிவு செய்யும் நிரல், யார் எவ்வளவு நேரம் நின்று பார்க்கிறார்கள் என்பதைத்தான் அளக்கிறது. வரியின் தரத்தை அது அளப்பதில்லை. சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய 'எழுத்து' இதழ் மிகச் சிறிய வாசகர் வட்டத்துக்குள்தான் சுற்றியது. புதுக்கவிதை வேர்பிடித்த இடங்களில் அது முதன்மையானது. உங்களுக்கு வேண்டியது நேர்மையாகப் படிக்கும் மூன்று பேர். அவர்களைத் தேடுங்கள்.

என் கவிதையை வேறொருவர் தன் பெயரில் போட்டுவிட்டார்.

எனக்கும் நடந்திருக்கிறது. நான் எழுதிய எட்டு வரி, ஒரு சூரியன் மறையும் படத்தின்மேல் வேறு பெயரோடு குடும்ப வாட்ஸ்அப் குழுவுக்கே வந்து சேர்ந்தது. அன்றைய ஆத்திரம் இப்போதும் நினைவிருக்கிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இந்தியாவில் 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின்படி, எழுதிய உடனேயே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்வது கட்டாயம் இல்லை. எழுதியவரின் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கும். எழுதியவர் நான் என்று உரிமைகோருவதையும் அந்தச் சட்டத்தின் 57-ஆம் பிரிவு காக்கிறது. நீங்கள் பதினைந்து வயதுப் பிள்ளையாக இருந்தாலும் இது பொருந்தும். முதலில் எடுத்தவருக்கு மரியாதையாக ஒரு செய்தி அனுப்புங்கள். பலர் யாருடையது என்று தெரியாமல்தான் போடுகிறார்கள், பெயரைச் சேர்த்துவிடுவார்கள். மறுத்தால் அந்தத் தளத்தின் காப்புரிமைப் புகார்ப் படிவத்தை நிரப்புங்கள். தேதியோடு இருக்கும் உங்கள் முதல் வரைவுதான் சாட்சி, அதனால் வரைவுகளை அழிக்காதீர்கள்.

இதோடு தொடர்புடைய ஒரு விஷயத்தைப் பிள்ளைகள் தாமதமாகத்தான் தெரிந்துகொள்கிறார்கள். பல இதழ்களும் போட்டிகளும் "வேறெங்கும் வெளிவராத படைப்பு" என்று கேட்கின்றன. முகநூலில் போட்டதையும் வெளிவந்ததாகவே கருதுகிறவர்கள் உண்டு. உங்கள் ஆகச் சிறந்ததை உடனே பதிவிட்டுவிடாதீர்கள்.

பிடித்த கதாபாத்திரங்களை வைத்துக் கதை எழுதுகிறேன். இது எழுத்து ஆகுமா?

ஆகும். ரசிகர் புனைவுகளுக்கென்றே வாசகர்கள் நடத்தும் இணையக் காப்பகம் ஒன்று 2019-இல் ஹியூகோ விருது பெற்றது. நம் கதைசொல்லிகளும் தெரிந்த பாத்திரங்களை எடுத்துப் புதிய காட்சி கட்டியவர்கள்தாம். தெருக்கூத்தில் பாஞ்சாலி பேசும் எல்லாமும் மூலத்தில் இருப்பவை அல்ல. எழுதிப் பழகுங்கள். ஆனால் விற்கக் கூடாது, அந்தப் பாத்திரங்கள் இன்னொருவருடைய உரிமை. உண்மையான நடிகரையோ பாடகரையோ பாத்திரமாக்கிப் படுக்கையறைக் கதை எழுதுவதை மட்டும் நான் ஏற்பதில்லை. அவர்கள் உயிருள்ள மனிதர்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதலாமா?

எழுத்துப்பிழை பார்க்கக் கேளுங்கள். மறந்த சொல்லைத் தேடக் கேளுங்கள். "தனிமை பற்றி ஒரு கவிதை" என்று கேட்டால் அழகாகவே வரும். ஆனால் நீங்கள் துணி மடித்தது அதற்குத் தெரியாது, நீங்கள் சொன்னால் ஒழிய. அதைச் சொல்லிவிட்டீர்கள் என்றால், எழுத வேண்டியதில் பெரும்பகுதியை நீங்களே எழுதிவிட்டீர்கள்.

என் மகள் எப்போதும் சோகமாகவே எழுதுகிறாள். கவலைப்பட வேண்டுமா?

இந்தக் கேள்வியோடு வரும் தாயின் முகத்தைப் பார்த்தால், நான் அவசரப்பட்டுப் பதில் சொல்வதில்லை. பொதுவாக, இருட்டை எழுதுகிற பிள்ளை அதை வெளியே வைக்கத் தெரிந்த பிள்ளை. நன்றாகச் சாப்பிடுகிறாள், தோழிகளோடு சிரிக்கிறாள், கவிதையில் மட்டும் மழையும் மரணமும் வருகின்றன என்றால், அவள் அந்த வயதின் கேள்விகளைத் தொட்டுப் பார்க்கிறாள் என்று பொருள்.

கவனிக்க வேண்டியது எழுத்துக்கு வெளியே ஏற்படும் மாற்றத்தை. தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, பிடித்தவற்றை விட்டு ஒதுங்குவது, தன்னால் எல்லோருக்கும் பாரம் என்று சொல்வது, ஆசையாக வைத்திருந்த பொருள்களை எடுத்துக் கொடுப்பது, எழுத்தில் கற்பனை மறைந்து விடைபெறும் தொனியும் நாளும் வழியும் தென்படுவது. இவற்றில் ஏதாவது தெரிந்தால் அன்றே பேசுங்கள். "செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பெற்றோர் அஞ்சுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. கேட்கப்பட்ட பிள்ளைக்குத் தனியாக இல்லை என்பது தெரிகிறது. திட்டாமல், "உனக்கு என்ன குறை வைத்தோம்" என்று தொடங்காமல் கேளுங்கள்.

இந்தியாவில் 14416 என்ற டெலி-மானஸ் மனநல உதவி எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கு 1098 இருக்கிறது. இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் எண் 1926. உடனடி ஆபத்து என்று பட்டால் பிள்ளையைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

அப்படியானால் அவளுடைய நோட்டை எடுத்துப் படிக்கலாமா?

உயிருக்கு ஆபத்து என்ற அச்சம் இருந்தாலொழிய, கூடாது. நோட்டைப் படித்து மாட்டிக்கொண்ட வீட்டில் அந்தப் பிள்ளை எழுதுவதை நிறுத்திவிடும், அல்லது பெற்றோர் கண்ணில் படாத ஒரு கணக்கைத் தொடங்கி முகமறியாதவர்களிடம் சொல்லும். எங்களிடம் வந்த ஒரு பையன் தன் அப்பா கவிதை நோட்டை உறவினர்கள் முன்னால் உரக்கப் படித்துச் சிரித்ததைச் சொன்னான். நடந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. சொல்லும்போது அவன் நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். "எழுதியதில் எனக்கு ஒன்று காட்டுவாயா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் காட்டினால் முதலில் படியுங்கள், எழுத்துப்பிழையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

இணையத்தை விட்டால் எங்கே கொண்டுபோவது?

பள்ளி மலர், கல்லூரி ஆண்டு மலர், சிற்றிதழ்கள் எல்லாம் உண்டு. நான் அதிகம் நம்புவது கையெழுத்துப் பத்திரிகையை. ஒரு காலத்தில் ஊருக்கு ஊர் இளைஞர்கள் அதை நடத்தினார்கள். எங்கள் பிள்ளைகளும் மாதம் ஒன்று தயாரிக்கிறார்கள். ஒரே பிரதி, ஏ4 தாளில் கையால் எழுதி, இருவர் படம் வரைந்து, நூல் கோத்துத் தைக்கிறார்கள். கடைசியில் இரண்டு வெற்றுப் பக்கம் விட்டிருப்போம், படித்தவர்கள் அதில் எழுதலாம். போன இதழில், நாளிதழ் படிக்க வரும் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர் ஒருவர், துணி மடிக்கும் கவிதையைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தார். வேலையில் சேர்ந்த புதிதில் மொழி தெரியாத ஊரில் தானும் அப்படி ஞாயிறு மாலைகளைக் கழித்ததை எழுதியிருந்தார். அந்த மாணவி அதை மூன்று முறை படித்தாள்.

இந்த மாத இதழ் நாளிதழ் மேசையின் இடது ஓரத்தில் இருக்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது, உட்கார்ந்து படிக்கலாம். பேனா நூலில் கட்டித் தொங்குகிறது.